கரிசல் மண்ணும் வெண்திரையும்

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டுத் தெருச்சுவர்களில் ஒட்டப்பட்ட திரைப்படச் சுவரொட்டிகளுள் மிகப் பலவற்றின் அடியோரத்தில், சிறிய எழுத்தில், சிவகாசி என்னும் ஊர்ப்பெயர் காணப்படும். சென்னையில் எடுக்கப்பட்ட படங்களின் நாயகர் முகங்கள் இங்குள்ள அச்சகங்களில் முதலில் கல்லச்சிலும் பின்னர் ஆப்செட் தகட்டிலும் பதிந்து, வண்ணம் பெற்று, கட்டுக்கட்டாக லாரியேறின. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் தீட்டிய தெய்வ உருவங்கள் இவ்வூர் நாள்காட்டிகளின் வழியாகவே இல்லந்தோறும் சென்றன. தமிழர் கண்ணாரக் கண்ட உருவங்களை அச்சிட்டு அனுப்பிய மண் இது.

அவ்வாறாயின், பிறர் முகங்களையெல்லாம் அச்சிட்டு அனுப்பிய இம்மண்ணின் முகம் திரையில் எப்போது தோன்றியது? அதனைக் காட்டியவர் யார்? எவ்வளவு அருகில் நின்று காட்டினர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் கவிதை பற்றிப் பேசிய அளவு திரைப்படம் பற்றிப் பேசியதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்க இம்மலர் இடந்தந்துள்ளது.

போர்த்துகல் என்னும் கண்ணாடி

நம் முகத்தை நாமே காணக் கண்ணாடி வேண்டும். அதற்காகத் தொலைவிலுள்ள ஒரு சிறு நாட்டின் திரைப்பட வரலாற்றைத் துணைக்கொள்கின்றேன். போர்த்துகல் நமக்கு முற்றிலும் அயல்நாடன்று. சாவி, சன்னல், மேசை, அலமாரி என நம் வீட்டுக்குள் இருக்கும் சொற்கள் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியதும் அவர்கள் காலத்தில்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்குச் சான்று. அச்சுத் தொழிலால் வாழும் ஊரினர் அந்நாட்டை நினைப்பது பொருத்தமேயாகும்.

ஏறத்தாழ ஒரு கோடி மக்களே வாழும் அந்நாடு, சலாசாரின் ஆட்சியிலும் அவர் வழிவந்த ஆட்சியிலும் பல்லாண்டுகள் தணிக்கைக்கு அடங்கிக் கிடந்தது. மனோயெல் டி ஒலிவெய்ரா என்னும் இயக்குநர், போர்த்தோ நகரின் தெருச்சிறுவர்களை நடிக்கவைத்து 1942இல் 'அனிகி போபோ' என்னும் படத்தை எடுத்தார். அப்பெயர் பிள்ளைகள் கள்ளன்-போலீஸ் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கச் சொல்லும் எண்ணுப்பாட்டிலிருந்து வந்தது. அதன்பின் அவருடைய அடுத்த முழுநீளப்படம் வெளிவர 1963 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் பாவ்லோ ரோஷாவின் 'பசுமை ஆண்டுகள்' என்னும் படம் வெளிவந்து, புதிய திரைப்பட இயக்கம் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் குல்பென்கியான் அறக்கட்டளையின் பொருளுதவியோடு இயக்குநர்கள் கூட்டுறவு முறையில் படமெடுக்கலாயினர். 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அரசுத் திரைப்பட நிறுவனமும் அமைந்தது. 1974 ஏப்ரல் 25ஆம் நாள், துப்பாக்கிக் குழல்களில் சிவந்த கார்னேஷன் மலர்களைச் செருகிய படைவீரர்கள் வீதியில் நிற்க, அந்த ஆட்சி வீழ்ந்தது, தணிக்கையும் ஒழிந்தது.

அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததே கவிஞர்களாகிய நாம் கருதத்தக்கது. அன்டோனியோ ரெய்ஸ் என்னும் கவிஞர், தம் துணைவியார் மார்கரிடா கொர்டெய்ரோவுடன் சேர்ந்து, நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மிக வறிய மலைப்பகுதிக்குச் சென்று அங்குள்ள மக்களையே கொண்டு ஒரு படத்தை உருவாக்கினார். அப்பகுதியின் பெயரே படத்தின் பெயர்: 'த்ராஸ் ஓஸ் மொன்டெஸ்'. மலைகளுக்கு அப்பால் என்பது அதன் பொருள். ஆடவர் பிழைப்புக்காக அயல்நாடு சென்றுவிட, முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் எஞ்சிய ஊர்கள் அவை. தலைநகரில் வகுக்கப்படும் சட்டம் அவ்வூர்களை வந்தடைவதற்குள் காலம் கடந்துவிடும் என்னும் உணர்வு படம் முழுதும் இழையோடுகிறது. ரெய்ஸ் பின்னாளில் லிஸ்பன் திரைப்படப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவர் பெத்ரோ கோஸ்டா. கோஸ்டாவைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

அச்சில் வந்த கரிசல்

போர்த்துகலின் கவிஞர் படக்கருவியோடு மலையேறிய அதே 1976இல்தான் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நூலாக வந்தது. 1979இல் பூமணியின் 'பிறகு' வந்தது. 1982இல் அவருடைய 'வெக்கை' வந்தது. ச. தமிழ்ச்செல்வனின் சிறுகதைகள் தீப்பெட்டித் தொழில் சூழ்ந்த வாழ்வை அதன் மொழியிலேயே பேசின. கருவேலமும் கம்பும் பருத்தியும், மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கும் சம்சாரியும் எழுத்தில் நிலைபெற்றுவிட்டனர். ஆயினும் அங்கிருந்து திரைக்கு வர அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

காரணம் வெளிப்படையானது. எழுதத் தாளும் பேனாவும் போதும். இடைசெவலில் இருந்தவாறே எழுதலாம். படமெடுக்கப் பெரும்பொருள் வேண்டும். கருவிகளும் கலைஞர்களும் கூடமும் சென்னையில் இருந்தனர். தமிழில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வந்த காலத்தில், அவற்றுக்கு முதல்போட்டவர்கள் எதிர்பார்த்தது போட்ட முதலின் மீட்சியை. போர்த்துகலில் ஆண்டுக்கு ஒருசில படங்களே வந்தன. ஆனால் அவற்றுட் பலவற்றுக்கு அரசும் அறக்கட்டளையும் துணைநின்றன. படம் குறைவாக வரும் நாட்டில் கவிஞருக்கு வாய்த்த இடம், படம் மிகுதியாக வரும் நாட்டில் எழுத்தாளருக்கு வாய்க்கவில்லை. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை வெளிக்கொணர்ந்தது விதிவிலக்கு. அதற்குத் தேசிய அளவில் மதிப்புக் கிட்டியும் அவ்வழியில் எழுத்தாளர் பலர் தொடர இயலவில்லை.

தண்ணீர்: 1981

கரிசலின் தாகம் திரைக்கு வந்தது மேடையின் வழியாக. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைக் கே. பாலச்சந்தர் 1981இல் திரைப்படமாக்கினார். அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊரில், தப்பியோடி வந்த ஒருவன் தொலைவிலிருந்து வண்டிகட்டித் தண்ணீர் கொணர்கிறான். ஊர் அவனுக்கு அடைக்கலம் தருகிறது. அரசு செய்யாததைத் தாங்களே செய்ய மக்கள் முனையும்போது அதே அரசு குறுக்கே நிற்கிறது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதை அப்படமும், சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதைப் பாலச்சந்தரும் பெற்றனர்.

அடுத்த ஆண்டு, எட்டயபுரத்துப் பாரதியின் நூற்றாண்டில், ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' பாரதியின் பாடல்களோடு வந்தது. தென்மாவட்ட ஊரொன்றில் ஆலையின் ஆதிக்கத்தை எதிர்க்கும் இளைஞன் அதன் நாயகன். இவ்விரு படங்களும் கரிசலைச் சார்ந்த வாழ்வுக்குத் திரையில் இடந்தந்தன என்பதில் ஐயமில்லை. நகரத்து நாடக அரங்கில் பழகிய உரையாடல் வேகமும் வாதத்தின் கூர்மையும் முன்னதன் வலிமை. அந்த வலிமையே அதன் எல்லையும் ஆகும். அத்திப்பட்டி மக்கள் நம்மை நோக்கி வாதிடுகின்றனர்; அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மெல்லிய குரல் நமக்குக் குறைவாகவே கேட்கிறது. இது என் கருத்து. மாறுபடுவோர் நம் வட்டத்திலேயே இருக்கக்கூடும்.

தீக்குச்சி: 1990

தாகத்துக்கு அடுத்து வந்தது தீக்குச்சி. 1920களில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரால் இங்குத் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. வானம் பொய்த்த மண்ணில் அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அந்த நன்மையை மறுப்பது நன்றிகொன்றதாகும். ஆனால் அந்தச் சோற்றின் ஒரு பங்கு சிறு கைகளால் ஈட்டப்பட்டது. விடியுமுன்னரே ஊர்தோறும் வந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற தொழிற்சாலைப் பேருந்துகளை நினைவுகொள்வோர் இம்மாவட்டத்தில் இன்றும் உளர்.

என் பெரியம்மாவின் மகள் அப்பேருந்தில் சென்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினார். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றே சொல்வார்கள். நான் சிலேட்டோடு பள்ளிக்குப் போன காலையில், அவர் கட்டை அடுக்கத் தொடங்கி நான்கு மணிநேரம் ஆகியிருக்கும். மாலையில் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும்போது நானும் உட்கார்ந்து பசை தடவியதுண்டு. எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அது குரோசுக் கணக்கு. நான் முனைவர் பட்டம் பெற்றேன். அவர் கையெழுத்திட மட்டும் கற்றார். எங்கள் இருவரையும் பிரித்தது அறிவன்று. எங்கள் தந்தையர் இருவருள் ஒருவருக்கு மாதச்சம்பளம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை, அவ்வளவே.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதை அது தடைசெய்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பணியிடத்துக்கு விலக்களித்தது. எங்கள் திண்ணை அந்த விலக்குக்குள் அமைதியாக அமர்ந்திருந்தது. மலையூர்களுக்குச் சட்டம் வந்துசேரும் தொலைவு பற்றிய போர்த்துகீசியப் படத்தைப் பின்னாளில் பார்த்தபோது எனக்கு அத்திண்ணையே நினைவுக்கு வந்தது.

1990இல் கர்நாடகத்தைச் சேர்ந்த சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். நேரு வழங்கியதாகச் சொல்லப்படும் புகழ்ப்பெயரையே தலைப்பாக்கி, அப்புகழின் மறுபக்கத்தில் இருந்த பிள்ளைகளை அது காட்டியது. அயல்நாட்டு விழாக்களிலும் அது திரையிடப்பட்டது. 'தண்ணீர் தண்ணீர்' நடிகரைக் கொண்டு கரிசலை நடித்துக் காட்டியது என்றால், இப்படம் நடிகர் இன்றி அம்மண்ணின் பிள்ளைகளையே நேரில் நிறுத்தியது. சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறிப் பணியமர்த்திய முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். படத்தால் தீர்ப்பு வந்தது என நான் கூறவரவில்லை. ஒரு காலத்தின் மனச்சான்று பல திசைகளிலும் விழித்தது. அத்திசைகளுள் திரையும் ஒன்று.

எழுத்தாளர் கையில் படக்கருவி

மேடையிலிருந்து ஒரு படமும் அயல்மாநிலத்திலிருந்து ஒரு படமும் வந்தபின், மூன்றாவது படம் மண்ணிலிருந்தே வந்தது. கோவில்பட்டியை அடுத்த ஆண்டிப்பட்டியில் 1947இல் பிறந்து, கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொருளுதவியோடு 'கருவேலம்பூக்கள்' படத்தை எழுதி இயக்கினார். நாசரும் ராதிகாவும் சார்லியும் அதில் நடித்தனர். 1990களில் உருவான அப்படம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மழை பொய்த்த ஊர், வேலையற்ற ஆடவர், பிள்ளைகளின் கூலியை நம்பி அடுப்பெரியும் வீடு, தீப்பெட்டித் தொழிற்சாலை. இவையே அதன் உலகம். இதில் என்னை ஈர்ப்பது ஒன்றுண்டு. குழந்தைத் தொழிலைப் பற்றி வெளியிலிருந்து பேசுவோர் முதலாளியைச் சுட்டுவர்; அது நியாயமே. பூமணி முதலாளியோடு நில்லாமல் வீட்டுக்குள்ளும் நுழைகிறார். தந்தையின் கையறுநிலை எங்கே முடிகிறது, அவன் சோம்பல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிறத்தியார் கேட்கத் துணியார், கேட்டால் பழிப்பாகும். அதே மண்ணில் பிறந்தவர் கேட்கலாம். அவர் கேட்கும்போது அது தன்னைத்தானே கேட்பதாகும். 'பிறகு' நாவலில் கண்ட அதே இரக்கமற்ற அன்பு இது.

இங்கே பெத்ரோ கோஸ்டாவை நினைவுகூர்வது பொருந்தும். அவர் லிஸ்பன் நகரின் பொந்தாய்ன்யாஸ் என்னும் குடிசைப்பகுதியில் 1997இல் 'எலும்புகள்' என்னும் படத்தை எடுத்தார். பெரிய படக்குழு, வண்டிகள், இரவைப் பகலாக்கும் விளக்குகள். விடியலில் வேலைக்குப் போக எழவேண்டிய மக்களின் உறக்கத்தைத் தம் விளக்குகள் கெடுப்பதை அவர் உணர்ந்தார். பிறகு குழுவை விட்டு, சிறிய எண்ணியல் படக்கருவியோடு அதே பகுதிக்குத் திரும்பினார். வான்டா என்னும் பெண்ணின் சிறிய அறையில் நாள்கணக்கில் அமர்ந்து, வெளியே அவ்வீடுகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஓசையோடு 'வான்டாவின் அறையில்' என்னும் படத்தை உருவாக்கினார். அது வெளிவந்த ஆண்டும் 2000.

ஒருவர் அயலவராகச் சென்று, விளக்கை அணைத்து, நெருங்கிவர முயன்றார். மற்றவர் உள்ளூரில் பிறந்து, பெயர்பெற்ற நடிகரையும் அரசுப் பொருளையும் துணைக்கொண்டு, தம் மண்ணைச் சற்று விலகிநின்று பார்க்க முயன்றார். நெருக்கம் பிறப்பால் மட்டும் வருவதன்று, பொறுமையாலும் வரும். ஆயினும் பிறப்பால் வரும் நெருக்கத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு: தன் இனத்தாரைக் கடிந்துகொள்ளும் உரிமை. கரிசல் திரைப்பட வரலாற்றில் அவ்வுரிமையை முதலில் எடுத்துக்கொண்டவருள் பூமணியை வைத்து எண்ணலாம்.

அதன்பின் வழி சற்றே அகன்றது. கி.ரா.வின் 'கிடை' அம்ஷன்குமாரின் இயக்கத்தில் 2003இல் 'ஒருத்தி' ஆயிற்று. விருதுநகர் மண்ணைச் சேர்ந்த வசந்தபாலன் 2006இல் 'வெயில்' படத்தைத் தந்தார். அது தேசிய விருதும் பெற்றது. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' 2008இல் சசியின் இயக்கத்தில் 'பூ' ஆயிற்று. பூமணியின் 'வெக்கை' 2019இல் வெற்றிமாறனின் 'அசுரன்' ஆயிற்று. 1982இல் அச்சான கதை பெருந்திரளான மக்களை எட்ட 37 ஆண்டுகள் ஆயின.

எந்தக் கொட்டகையில்?

வரலாறு இவ்வாறு வளர்ச்சியைக் காட்டினாலும் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கருத்தரங்கிற்காக இப்படங்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி எடுத்த படங்களைக் குறித்து எழுதுகிறேன் என்றேன். அவர் சற்றுநேரம் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "எங்களப் பத்திப் படமா தாயி? எந்தக் கொட்டகையில ஓடுச்சு?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. அக்கேள்வியில் குறையோ கோபமோ இல்லை. ஞாயிறுதோறும் கொட்டகைக்குப் போனவர் அவர். தம் கூலியில் தாமே சீட்டு வாங்கிப் பார்த்தவர். ஓடியிருந்தால் பார்த்திருப்பேனே என்னும் வியப்பு மட்டுமே அவர் குரலில் இருந்தது. ஒலிவெய்ராவும் கோஸ்டாவும் தம் நாட்டுக் கொட்டகைகளைவிட அயல்நாட்டு விழாக்களிலேயே மிகுதியாகப் போற்றப்பட்டனர் என்பர் திறனாய்வாளர். கலைப்படங்களுக்கு அது உலகெங்கும் உள்ள விதி என்று நான் அவருக்கு விளக்கியிருக்கலாம். வகுப்பறையில் அவ்வாறுதான் விளக்குவேன். அன்று என் நா எழவில்லை.

நிறைவாக

கரிசல் மண்ணின் முகம் திரையில் விழுந்த வரலாறு, தொலைவிலிருந்து அருகே வந்த வரலாறு. மேடையிலிருந்து 1981இல், அயல்மாநிலத்திலிருந்து 1990இல், மண்ணின் மைந்தர் கையிலிருந்து 2000இல் என அது படிப்படியாக நெருங்கியது. படம் மக்களை நெருங்கியது. அந்த அளவுக்கு மக்கள் முன் படம் போய்ச் சேரவில்லை. வரலாற்றின் மறுபாதி அது, இன்னும் எழுதப்படாதது.

இன்று தீப்பெட்டி ஆலைகளில் எந்திரங்கள் வந்துவிட்டன. விடியற்காலைப் பேருந்தில் பிள்ளைகள் ஏறும் காட்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், அதன்பின்னும் ஆண்டுதோறும் வரும் வெடிவிபத்துச் செய்திகளையும் அறிவோம். இம்மண் இன்னும் பார்க்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

ஆதலின் வட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை வாசித்த நாம், பதினோராம் ஆண்டில் ஒரு மாலையைத் திரைக்கு ஒதுக்குவோம். அரங்கம் வேண்டா. தீப்பெட்டி வேலை நடந்த ஊரொன்றின் பள்ளித் திடலில் வெள்ளைத்துணி கட்டி, உரிய இசைவு பெற்று, 'கருவேலம்பூக்கள்' படத்தைத் திரையிடுவோம். படம் முடிந்ததும் நம்மில் எவரும் பேசாமல், அவ்வூர்ப் பெண்களைப் பேசவிட்டுக் கேட்போம். முன்வரிசையில் ஓர் இடம் எனக்கு வேண்டும்; என் அக்காளுக்கு.